இரண்டாம் இலக்கம்

கொழும்பிலிருந்து இரவு மெயிலில்
ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது.
அட்டைப் பெட்டி, உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள் சாம்பல் நிறப் பை,
பைக்குள் உள்ளங்கை நிறையும் கனம்.
ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கி
மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து
முழங்கால்களால் அணைத்தபடி வந்தேன்.
பஸ் நிலையத்தடியில் இரண்டு மான்கள்
விழாத லொத்தர்ச் சீட்டுகளை மென்றுகொண்டு நின்றன.
ஹோர்ன் அடித்தேன். காதை மட்டும் அசைத்தன.
சுற்றிக்கொண்டு போனேன்.

கடற்றொழில் அலுவலகம், பின்னறை.
மாவட்டத்தின் படகெல்லாம்
இந்த இரும்புப் பெட்டிக்குள்தான் கட்டியிருக்கிறது:
ஹயாத்தும்மா, மரியநேசன், நீலோற்பலம்,
கொட்பேயிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும்
எண் மட்டுமே உள்ள பெரிய வள்ளங்கள்.
நான்கு தட்டு. ஒன்று செத்துவிட்டது.
எது?

திரை சொன்னது: இரண்டு.
விளக்குகளைக் கேட்கமுடியாது,
அவற்றின் பின்பலகையை உப்புக்காற்று தின்று
நாலும் எப்போதும் பச்சையாகவே எரிகின்றன.
முகப்பில் யாரோ ஒட்டிய துண்டுகள்,
நீல மையில்: 1, 2, 3, 4.
எனக்கு முன் இருந்தவர் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்.
இயந்திரம் பூச்சியத்திலிருந்து எண்ணும்.
சில இயந்திரங்கள். எல்லாமும் அல்ல.
இதன் கையேடு எங்கேயென்று யாருக்கும் தெரியாது.
பிழையானதை இழுத்தால்
ஒரு கிளிக் சத்தம், அவ்வளவுதான்,
மாவட்டத்தில் ஒரு படகும் மிதக்காது.

கொளுக்கியில் விரல் வைத்தபடி நின்றேன்.
இரண்டு என்று எழுதிய இரண்டு.

"அதில்லயே தம்பி,"
டொரின், பாலையூற்று,
கையில் ஈரத் தும்புத்தடி.
"நான் விடியத் தூசி தட்டுறனான்.
கன்னியாக் கிணறு மாதிரி
ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு.
இது மட்டும் புதன்கிழமை தொடக்கம் சுடேல்ல."
புறங்கையால் தொட்டுக் காட்டினாள்.
மூன்று என்று எழுதிய இரண்டு.

நானும் தொட்டுப் பார்த்தேன்.
மீன்கடைப் பளிங்குபோல் குளிர்ந்து கிடந்தது.

பிறகெல்லாம் சிறு வேலை.
இழுத்தேன். நான்கு திருகாணி கழற்றி
நான்கு திருகாணி பூட்டினேன்.
இல்லை, மூன்று. நான்காவது உருண்டோட
டொரினின் தும்புத்தடிதான் அதையும் தேடித் தந்தது.
புதியதை உள்ளே தள்ளினேன்.
மெல்லிய முனகல், பிறகு சுழற்சி.
திரையில்: ஒரு வீதம்.

பதினொரு மணித்தியாலம் என்றது.
எல்லோரும் போய்விட்டார்கள்.
நான் பிளாஸ்டிக் கதிரையில்,
ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று
இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு.
மிஞ்சிய மூன்று தட்டும்
தங்களிடம் உள்ளதைக் கூட்டிக் கழித்து
இல்லாமல் போனது என்ன வைத்திருந்ததென்று
புதியதற்கு ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லுகின்றன.
இந்நேரம் இன்னொன்று களைத்துவிட்டால்
கதை முடிந்தது.
கிண்ணியாவிலிருந்து போன் வந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நாற்பது வீதத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்,
பார்க்கத் தேவையில்லை, தூக்கம் வராமல்.
ஒரு படகு. உரிமையாளர் பெயர் இருக்கிறது.
நீளம், இயந்திர வலு, ஆட்கள் மூவர்.
புறப்பட்ட திகதி இருக்கிறது.
திரும்பிய திகதிக்கான கட்டம் வெறுமை.
நான் எதையும் தொலைக்கவில்லை.
அது முதலிலும் வெறுமைதான்.
அந்த வெறுமையையும்
ஓர் இடைவெளி கூடாமல், குறையாமல்
புதிய தட்டில் எழுதிக்கொண்டிருந்தது இயந்திரம்.

ஐந்து நாற்பது. தொண்ணூற்றேழு வீதம்.
உட்துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
டொரின் வந்தாள், செருப்பை வாசலில் விட்டு,
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
நேரே போய்ப் புறங்கையை வைத்தாள்.

"சுடுது" என்றாள்,
தும்புத்தடியை எடுத்துக்கொண்டு.